அக்ரோமேட், ஃபுளூரைட், பிளான் அப்போ: டையட்டம் படமெடுக்க எந்த அப்ஜெக்டிவ்?

பாசித்துளி

வணக்கம். ஆற்றுப் பாறைகளில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டி எடுத்து, அதிலுள்ள டையட்டம் எனும் ஒற்றைச் செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகளை அமிலத்தில் சுத்தம் செய்து, நிரந்தர ஸ்லைடுகளாக்கிப் படம் எடுத்து வருகிறேன். தாமிரபரணியில் பாபநாசத்திலிருந்து கீழே வரவர ஓடுகளின் வகை எப்படி மாறுகிறது என்று ஒரு படத்தொகுப்பு உருவாக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் இருப்பது முடிவிலி ஒளியியல் கொண்ட (அப்ஜெக்டிவிலிருந்து ஒளி இணைகதிர்களாக வந்து, உடலிலுள்ள டியூப் லென்ஸில் குவியும்) டிரைநாகுலர் (கேமராவுக்குத் தனிக் குழாய் உள்ள) நுண்ணோக்கி. உடன் வந்த அப்ஜெக்டிவ்கள் (ஸ்லைடுக்கு அருகிலுள்ள வில்லைத் தொகுதிகள்) நான்கும் பிளான் அக்ரோமேட்: 4×/0.10, 10×/0.25, 40×/0.65, 100×/1.25. கேமராவில் பிக்சல் அளவு 3.45 மைக்ரான், சென்சார் 2/3 அங்குல வகை. 0.5× அடாப்டர் வழியாகப் பொருத்தியிருக்கிறேன்.

குறை என்னவென்றால், ஓட்டின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக மெல்லிய கரை விழுகிறது. 40× படங்களில் ஓட்டின் மேலுள்ள நுண்வரிகள் தெரிகின்றன, ஆனால் மங்கல். ஒரே ஒரு அப்ஜெக்டிவ் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். 40×/0.75 பிளான் ஃபுளூரைட், 40×/0.95 பிளான் அப்போகுரோமேட், 20×/0.75 பிளான் அப்போகுரோமேட் ஆகிய மூன்றில் எதை எடுப்பது?

ஒளிக்கோடு

நல்ல கேள்வி. விற்பனைக் குறிப்பேடுகள் பெயரை வைத்து விலை சொல்கின்றன. படத்தின் தரம் பெயரோடு நிற்பதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அப்ஜெக்டிவின் உடலில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, எவ்வளவு ஒளியை எவ்வளவு அகலமான கோணத்தில் அள்ளுகிறது என்பது. அதுதான் எண்ணியல் துளை, சுருக்கமாக என்.ஏ.; 40×/0.65 என்பதில் 0.65. இன்னொன்று, அள்ளிய ஒளியை எவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் சேர்க்கிறது என்பது. அக்ரோமேட், ஃபுளூரைட், அப்போ என்ற பெயர்கள் இந்த இரண்டாவதைச் சொல்கின்றன.

அக்ரோமேட் வகையில் சிவப்பும் நீலமும் (சுமார் 656, 486 நானோமீட்டர்) ஒரே குவியத்துக்கு வருகின்றன. கோளகப் பிறழ்ச்சி, அதாவது வில்லையின் நடுவிலும் ஓரத்திலும் செல்லும் கதிர்கள் வெவ்வேறு இடத்தில் குவியும் குறை, பச்சைக்கு மட்டும் திருத்தப்பட்டிருக்கும். பச்சை தன் போக்கில் வேறு தளத்தில் குவிவதால் மிச்சமாகும் நிறம்தான் நீங்கள் காணும் ஊதா, பச்சைக் கரை. அப்போகுரோமேட்டில் மூன்று நிறங்கள் ஒரே தளத்துக்கு வருகின்றன. கோளகப் பிறழ்ச்சியும் இரண்டு அல்லது மூன்று நிறங்களுக்குத் திருத்தப்படுகிறது. ஃபுளூரைட், அதாவது செமி அப்போ, இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

ஜெனாவில் எர்ன்ஸ்ட் அபே, ஓட்டோ ஷாட் உருவாக்கிய புதுக் கண்ணாடிகளையும் இயற்கையான ஃபுளூரைட் படிகத்தையும் சேர்த்து 1886இல் சைஸ் நிறுவனத்துக்காக முதல் அப்போகுரோமேட்டுகளைக் கொண்டுவந்தார். அவற்றின் மையம் அபாரம். ஆனால் புலம், அதாவது கண்ணில் தெரியும் வட்டப் பரப்பு, வளைந்தே இருந்தது. புலத்தைத் தட்டையாக்கும் பிளான் வகையை ஹான்ஸ் போகெஹோல்ட் வடிவமைத்தது 1938இல். ஆகவே ‘பிளான்’ என்பதும் ‘அப்போ’ என்பதும் தனித்தனித் திருத்தங்கள். ஒன்று இருந்தால் மற்றது இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது என்.ஏ. கணக்கு. அலைநீளத்தை என்.ஏ.வின் இரு மடங்கால் வகுத்தால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். 550 நானோமீட்டர் பச்சை ஒளியில் உங்கள் 40×/0.65 தருவது 0.42 மைக்ரான். 20×/0.75 தருவது 0.37 மைக்ரான். நன்றாகக் கவனியுங்கள்: உருப்பெருக்கம் பாதிதான், ஆனால் நுணுக்கம் அதிகம். 40×/0.95 என்றால் 0.29. எந்தத் திருத்தமும் இந்த எல்லையைத் தாண்ட உதவாது. திருத்தம் செய்யும் வேலை அந்த எல்லை வரை உங்களைத் தெளிவாகக் கொண்டுபோவது மட்டுமே.

வைரவில்லை

ஒளிக்கோடு சொன்ன எண்களையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன்: 0.29 கிடைக்கும்போது 0.37 எதற்கு? 40×/0.95 பிளான் அப்போதான் வாங்க வேண்டும். உலர் அப்ஜெக்டிவ்களில் அதற்கு மேல் போக நடைமுறையில் வழியில்லை, காற்றின் ஒளிவிலகல் எண்ணே 1தான். நிறக்கரை போய்விடும், விளிம்பு வரை தட்டையாக இருக்கும், எண்ணெய் தேவையில்லை. பணத்தைச் சேர்த்து வைத்திருப்பவர் ஒருமுறை வாங்கி நிம்மதியாக இருக்கட்டும்.

திசுப்பார்வை

நான் நோயியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தினமும் கண்ணால் ஸ்லைடு பார்க்கும் ஒருத்தியின் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்களுக்கு முதல் தேவை தட்டையான புலம். பிளான் இல்லாத சாதாரண அக்ரோமேட்டில் நடுவைச் சரிசெய்தால் ஓரம் மங்கும், ஓரத்தைச் சரிசெய்தால் நடு மங்கும். ஒரு ஸ்லைடு முழுவதும் ஓட்டிப் பார்ப்பவருக்குக் கை ஓயாமல் ஃபோகஸ் குமிழிலேயே இருக்கும். மாலைக்குள் கண் எரியும். புல எண் (ஐபீஸில் தெரியும் வட்டத்தின் மில்லிமீட்டர் அகலம்) 20, 22 உள்ள ஐபீஸ் வைத்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். செமி பிளான் வகையில் இது குறையும், முழுதாகப் போகாது. எனவே கண்ணால் பார்ப்பவர்களுக்கு நல்ல பிளான் அக்ரோமேட் போதும் என்பது என் உறுதியான கருத்து.

வைரவில்லை சொல்லும் 0.95க்கு வருகிறேன். என்.ஏ. கூடக் கூட குவிய ஆழம் (ஒரே சமயத்தில் கூர்மையாகத் தெரியும் கனம்) குறைகிறது, அதுவும் என்.ஏ.வின் இருபடிக்கு ஏற்ப. 0.65இல் சுமார் 1.3 மைக்ரான் ஆழம். 0.95இல் 0.6 மைக்ரான்தான். நாங்கள் வெட்டும் திசுத்துண்டு 3 முதல் 5 மைக்ரான் கனம். அதில் 0.95 வைத்தால் உட்கருவின் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் பிரமாதமாகத் தெரியும், மீதி மூடுபனி. டையட்டம் ஓடும் தட்டையான காகிதம் இல்லையே. வளைந்த பெட்டி அல்லவா?

ஆனால் ஒளிர்வு நுண்ணோக்கியில் நான் மறுபக்கம் நிற்பேன். ஆரமின் சாயமிட்ட சளி ஸ்லைடில் காசநோய்க் கிருமியைத் தேடும்போது, அப்ஜெக்டிவ் வழியாகவே ஒளி போய்த் திரும்புவதால் படத்தின் வெளிச்சம் என்.ஏ.வின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுகிறது. அதே 40 மடங்கில் 0.65இலிருந்து 0.95க்குப் போனால் நாலரை மடங்கு வெளிச்சம். அந்த இடத்தில் உயர்ந்த என்.ஏ.வுக்குக் கொடுக்கும் பணம் தகும்.

ஓட்டுச்சித்திரம்

டையட்டம் என்று கேட்டதும் வந்தேன். வெகுகாலமாக இதே ஓடுகளோடுதான் வாழ்கிறேன்.

பாசித்துளி, விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு உங்கள் கவர் ஸ்லிப் (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) பெட்டியை எடுங்கள். என்ன எண் போட்டிருக்கிறது? அப்ஜெக்டிவில் ‘∞/0.17’ என்று இருக்கிறதல்லவா, அந்த 0.17 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்பின் கனம். எண் 1 என்று கடையில் கிடைப்பது 0.13 முதல் 0.16 வரை. எண் 1.5தான் 0.16 முதல் 0.19 வரை வரும். என்.ஏ. 0.4க்குக் கீழே இந்த வித்தியாசம் ஏறக்குறையப் பொருட்டே இல்லை. 0.65இல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 0.95இல் ஒரு நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே படம் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். கோளகப் பிறழ்ச்சியை நீக்க வில்லைக்குக் கொடுத்த விலையைக் கவர் ஸ்லிப் தின்றுவிடும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஓடு கவர் ஸ்லிப்பின் அடியில் ஒட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஸ்லைடின் மேல் ஓடுகளை உலர்த்தி, பதிக்கும் பசையைத் தாராளமாக விட்டு, மேலே கவர் ஸ்லிப்பை வைத்தால் இடையிலுள்ள பசையும் கனத்தில் சேர்கிறது. ஓடுகளைக் கவர் ஸ்லிப்பின் மேலேயே உலர்த்துங்கள். பிறகு அதைக் கவிழ்த்துப் பதியுங்கள். பதிக்கும் பொருளின் ஒளிவிலகல் எண்ணையும் பாருங்கள். ஓட்டின் சிலிக்கா சுமார் 1.43. கனடா பால்சம் 1.52 அளவில் இருப்பதால் ஓடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிறும். சுமார் 1.7 உள்ள நாஃப்ராக்ஸ் போன்றவற்றில் அதே ஓடு மை தீட்டியது போல எழுந்து நிற்கும். இந்த ஒரு மாற்றம் தரும் வேறுபாட்டை எந்த அப்போவும் தராது என்று அடித்துச் சொல்வேன்.

வைரவில்லை

> 0.95இல் ஒரு நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே படம் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும்

அதற்காகத்தானே 0.95 அப்ஜெக்டிவ்களில் திருத்த வளையம் வைத்திருக்கிறார்கள்? 0.11 முதல் 0.23 வரை திருப்பிக்கொள்ளலாம். குறையைச் சொல்லும்போது மருந்தையும் சொல்ல வேண்டும்.

ஓட்டுச்சித்திரம்

மருந்து இருக்கிறது, மறுக்கவில்லை. அதை ஒவ்வொரு ஸ்லைடுக்கும் போட வேண்டும். வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் நகரும். மறுபடி ஃபோகஸ் செய்து, மறுபடி திருப்பி, எந்த நிலையில் வரிகள் கறுத்துத் தெரிகின்றன என்று தேட வேண்டும். பழகிய கைக்கு அது சுகம். ஆற்றின் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஸ்லைடு செய்து, ஒரே சீரான படங்களாக எடுக்க நினைப்பவருக்கு அது பாரம். பாசித்துளியின் வேலைக்கு ஏற்றது எது என்பதல்லவா கேள்வி?

பழங்கண்ணாடி

பழைய அப்ஜெக்டிவ் சந்தையில் தேடும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை.

‘160/0.17’ என்று பொறித்தவை 160 மில்லிமீட்டர் குழாய்க்கானவை. முடிவிலி நுண்ணோக்கியில் திருகு பொருந்தும், படமும் விழும், ஆனால் தரம் கிடைக்காது. அதுபோலவே முடிவிலி வகைகளும் எல்லாம் ஒன்றில்லை. டியூப் லென்ஸின் குவியத்தூரம் நிக்கானிலும் லைக்காவிலும் 200 மில்லிமீட்டர், ஒலிம்பஸில் 180, சைஸில் 165. சிலர் நிறத்திருத்தத்தை முழுக்க அப்ஜெக்டிவுக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள், சிலர் ஒரு பகுதியை டியூப் லென்ஸுக்கு விட்டுவைக்கிறார்கள். பின்னதை வேறு நிறுவனத்தின் உடலில் பூட்டினால், விலையுயர்ந்த பிளான் அப்போவும் ஓரங்களில் நிறக்கரை காட்டும். அந்தக் காலத்து அப்போகுரோமேட்டுகளுக்கு ஈடுசெய்யும் ஐபீஸ் தனியாக வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான்.

நீளமும் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் தோள்பட்டையிலிருந்து ஸ்லைடு வரை 45 மில்லிமீட்டர். நிக்கானின் சிஎஃப்ஐ60 வரிசையில் அது 60. திருகும் 25 மில்லிமீட்டர்.

பழைய பிளான் அப்போக்களில் இன்னொரு ஆபத்து: உள்ளே ஒட்டிய வில்லைகள் காலப்போக்கில் பிரிந்துவிடும். பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறமோ, ஓரத்திலிருந்து வெள்ளிப் பூப்போன்ற படர்வோ தெரிந்தால் வாங்காதீர்கள். பத்துப் பதினைந்து வில்லைகள் அடுக்கிய பொருளை இங்கே பிரித்து ஒட்டித் தருபவர் யாருமில்லை. வில்லைகள் குறைவான ஃபுளூரைட் இந்த விஷயத்தில் நம்பகமானது. டிஐசி (முனைவுற்ற ஒளியால் மாறுபாட்டைக் கூட்டும்) முறைக்கும் புறஊதா ஒளிக்கும் அதுவே உகந்தது.

தும்பி

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். பூச்சியின் கண், இறகுச் செதில் ஆகியவற்றைக் கேமராவில் எடுப்பவன் நான். மிட்டுடோயோ எம் பிளான் அப்போ 10×/0.28 பயன்படுத்துகிறேன். முனைக்கும் பூச்சிக்கும் நடுவே 34 மில்லிமீட்டர் இடைவெளி, அதனால் விளக்கை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். கவர் ஸ்லிப் இல்லாத பொருளுக்காகவே செய்தது. வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக அடுக்கும்போது புலவளைவை மென்பொருள் ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆனால் ஆழவாக்கில் வரும் நிறப்பிறழ்ச்சி ஒவ்வொரு படத்திலும் ஊதாவாகப் படிந்து, அடுக்கிய பிறகு முடிகளைச் சுற்றி அழுக்காக நிற்கும். எங்கள் வேலையில் பிளானைவிட அப்போதான் முக்கியம்.

பாசித்துளி

எல்லோருக்கும் நன்றி. திசுப்பார்வை அக்கா சொன்ன குவிய ஆழம் என்னை யோசிக்க வைத்தது. வாங்குவதற்கு முன்பு இருப்பதை வைத்தே என்னென்ன சோதித்துப் பார்க்கலாம்?

ஒளிக்கோடு

மூன்றைச் செய்யுங்கள்.

பச்சை வடிகட்டி வைத்துப் படம் எடுங்கள். அக்ரோமேட் பச்சைக்காகத் திருத்தப்பட்டது, எனவே நிறக்கரை போவதோடு கூர்மையும் கூடும். டையட்டம் படங்களைக் கறுப்பு வெள்ளையில் வெளியிடுவதே வழக்கம், நிறத்தை இழப்பதால் உங்களுக்கு நட்டமில்லை.

அடுத்து நட்சத்திரச் சோதனை. கவர் ஸ்லிப்பில் கறுப்பு மையை மெல்லப் பூசி உலர்த்தினால் அதில் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். மை கீழ்ப்பக்கம் வரும்படி பதித்து, ஓர் ஓட்டையைப் பாருங்கள். ஃபோகஸை மேலே நகர்த்தினாலும் கீழே நகர்த்தினாலும் ஒரே மாதிரி வளையங்கள் வந்தால் கோளகப் பிறழ்ச்சி இல்லை. ஒரு பக்கம் கூரிய வளையங்களும் மறுபக்கம் வெறும் புகையும் என்றால் கவர் ஸ்லிப்பின் கனம் பொருந்தவில்லை.

மூன்றாவது கண்டென்சர், அதாவது ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் வில்லை. ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். கண்டென்சரின் துளைத்திரை அப்ஜெக்டிவின் பின்பக்க வட்டத்தின் முக்கால் பங்குக்குத் திறந்திருக்க வேண்டும். பலரும் மாறுபாடு வேண்டி அதைக் கால்வாசிக்கு மூடி வைக்கிறார்கள். அப்போது 0.65 அப்ஜெக்டிவ் 0.65ஆக வேலை செய்யாது. 100×/1.25க்கும் இதே சட்டம்தான். கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் நடுவே காற்று இருந்தால் கண்டென்சரின் என்.ஏ. 0.9 அளவில் நின்றுவிடும், பிரிதிறன் 0.22 மைக்ரானுக்குப் பதில் 0.26. அங்கேயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அந்த வித்தியாசம் செலவில்லாமல் கிடைக்கிறது.

பாசித்துளி

செய்து பார்த்தேன். திருகு அளவியால் அளந்ததில் என் கவர் ஸ்லிப்புகள் பெரும்பாலும் 0.14 மில்லிமீட்டர். நட்சத்திரச் சோதனையில் ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் புகை. எண் 1.5 வாங்கி, ஓடுகளை அதன் மேலேயே உலர்த்திப் பதித்தேன். பச்சை வடிகட்டியும் வைத்தேன்.

பிளூரோசிக்மா ஆங்குலேட்டம் ஓட்டில் வரிகளின் இடைவெளி அரை மைக்ரான் அளவு. முன்பு 40×/0.65இல் சாய்ந்த கோடுகளாக மட்டும் தெரிந்தது, இப்போது புள்ளிகளாகப் பிரிகிறது. கண்டென்சருக்கும் எண்ணெய் விட்டு 100×/1.25இல் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் எண்ணும்படி நிற்கிறது. ஆம்ஃபிப்ளூரா பெலூசிடாவில் மட்டும் தோல்வி, வரிகளே வரவில்லை.

ஓட்டுச்சித்திரம்

அதன் வரிகள் கால் மைக்ரான் இடைவெளி. 1.25இல் நீல ஒளியும் சாய்வு வெளிச்சமும் சேர்ந்தால்தான் வசப்படும்; என்.ஏ. 1.40 எண்ணெய் அப்ஜெக்டிவ் வைத்திருப்பவர்களே அதற்காகப் போராடுவார்கள். உங்கள் தொகுப்புக்கு அது தேவைப்படாது. வரிகளை எண்ணி இனம் காண வேண்டிய நுண்ணிய ஓடுகளை 100× பார்த்துக்கொள்ளும். எண்ணெயில் கவர் ஸ்லிப்பின் கனமும் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை, எண்ணெயும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே ஒளிவிலகல் எண். வாங்கப்போவது நடுத்தர ஓடுகளை வேகமாகவும் சீராகவும் எடுக்க. என் வாக்கு 20×/0.75க்கு.

திசுப்பார்வை

என் வாக்கும் அதற்கே. 0.75இல் குவிய ஆழம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், மூன்று நான்கு படங்களை அடுக்கினாலே ஓடு முழுதாக வந்துவிடும்.

வைரவில்லை

0.95தான் உயர்ந்தது என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. தனி ஓடு ஒன்றை அழகுபார்க்க அதற்கு இணையில்லை. நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள் என்றால் 20×/0.75 நியாயமான தேர்வு. ஃபுளூரைட் 40×/0.75ஐவிட நிச்சயம் மேல்: அதே பிரிதிறன், நான்கு மடங்கு பரப்பு, மூன்று நிறத் திருத்தம்.

பாசித்துளி

அப்படியானால் 20×/0.75 என்று முடிவு செய்கிறேன், என் நுண்ணோக்கியின் நிறுவனத்திலேயே. கேமரா பக்கம் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஒளிக்கோடு

கட்டாயம் மாற்ற வேண்டும். 20×/0.75 பிரிக்கும் 0.37 மைக்ரான், 20 மடங்கு பெரிதாகி 7.3 மைக்ரானாகச் சென்சாரில் விழ வேண்டும். ஒரு இடைவெளிக்கு இரண்டு பிக்சல் என்ற கணக்கில் 3.65 மைக்ரான் பிக்சல் வரை போதும், உங்களுடையது 3.45, சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 0.5× அடாப்டர் அந்தப் படத்தைப் பாதியாகச் சுருக்கிவிடும். அப்போது 1.8 மைக்ரான் பிக்சல் தேவைப்படும், வில்லை தந்த நுணுக்கத்தில் பாதி கேமராவுக்கு வந்து சேராது. 1× அடாப்டர் வாங்குங்கள்.

புலம் சிறுத்துவிடுமோ என்று தோன்றும். இப்போதைய 40×, 0.5× கூட்டணியும் இனி வரும் 20×, 1× கூட்டணியும் சென்சாரில் தருவது அதே 20 மடங்குதான், அதே பரப்புதான். வித்தியாசம் என்னவென்றால், முன்பு 11 மில்லிமீட்டர் சென்சார் 22 மில்லிமீட்டர் புலத்தை ஓரம் வரை இழுத்துக்கொண்டிருந்தது. இனி நடுவிலுள்ள 11 மில்லிமீட்டரை மட்டும் எடுக்கும். எந்த அப்ஜெக்டிவும் மிகச் சிறப்பாகத் திருத்தப்பட்டிருக்கும் பகுதி அதுதான்.